முதல் பீரியடுக்கு வராதவள்

75 என்ற எண்ணுக்கு ஆண், பெண் தெரியாது என்பார்கள். வேலை நாட்களில் நூற்றுக்கு 75 வந்திருந்தால் தேர்வு எழுதலாம், இல்லையென்றால் எழுத முடியாது. டாக்டர் வீட்டுப் பையனுக்கும் அதே கணக்கு, மீன்காரம்மா மகளுக்கும் அதே கணக்கு. இதைவிட நியாயமான விதி வேறு என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள்.

வைத்திக்குப்பத்திலிருந்து பார்க்கும்போது அந்த எண் அவ்வளவு நியாயமாகத் தெரியவில்லை. புதுச்சேரி நகரத்துக்குள்ளேயே, குருசுக்குப்பத்துக்கும் சோலை நகருக்கும் பக்கத்தில், கடலை ஒட்டி இருக்கிற ஊர் எங்களுடையது. மாசி மகத்தன்று ஊர் ஊராகச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும் கடற்கரை. கல்லூரிக்குப் போக எங்கள் பெண்கள் பேருந்தில் பல மணி நேரம் கஷ்டப்பட வேண்டியதில்லை. பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரி நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. தாகூர் கலைக் கல்லூரி இலாசுப்பேட்டையில் இருக்கிறது. அதற்கும் வடக்கே காலாப்பட்டில் பல்கலைக்கழகமே இருக்கிறது. தூரம் இங்கே பிரச்சினை இல்லை. பிரச்சினை காலை நேரம்.

காலையில் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மீன் விற்கிற அம்மா விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். ஏலத்தில் மீன் எடுக்க வேண்டும், ஐஸ் போட வேண்டும், பெரிய மார்க்கெட்டில் இடம் பிடிக்க வேண்டும், அல்லது கூடையோடு தெருத்தெருவாகப் போக வேண்டும். அப்பா கடலில் இருப்பார், அல்லது அப்போதுதான் கரைக்கு வந்து படுத்திருப்பார். தண்ணீர் பிடிப்பது, சோறு வடிப்பது, தம்பியைப் பள்ளிக்குக் கிளப்புவது, பாட்டிக்கு மாத்திரை கொடுப்பது எல்லாம் யார்? மூத்த பெண். அவள் பி.காம். இரண்டாம் வருடம் படிக்கிறாள் என்பது அடுப்புக்குத் தெரியாது. அவளுக்குத் தம்பி இருக்கலாம், அண்ணனும் இருக்கலாம். அண்ணன் இருந்தால் அவனுக்கும் சேர்த்துச் சோறு வடிப்பாள்.

இது எங்கள் குப்பத்தின் தனிக்கதை அல்ல. மத்திய அரசு 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் அதற்காக ஒரு நாளைக்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். வீட்டு வேலை செய்யும் ஆண் செலவிடுவது 88 நிமிடம். 2019-இல் இதே கணக்கு 299, 97 என்று இருந்தது. ஐந்து வருடத்தில் பெண்ணின் பாரம் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. ஆண் அதைத் தன் தோளில் வாங்கிக்கொண்டதால் குறைந்ததா என்றால், அவனும் ஒன்பது நிமிடம் குறைத்துக்கொண்டான்.

இப்போது கல்லூரிக் கணக்கைப் போடுவோம். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள், நாளுக்கு ஐந்து மணி நேரம் என்று வையுங்கள். மொத்தம் 450 மணி நேரம். இதில் 75 விழுக்காடு வேண்டும் என்றால் ஒருத்தி தவறவிடக் கூடியது 112 மணி நேரம். வீட்டு வேலை முடித்து ஓடி வந்து தினமும் முதல் பீரியடை மட்டும் விடுகிறாள் என்றால் 90 மணி நேரம் போய்விட்டது. மீதி 22. அதாவது ஆறு மாதத்துக்கு நாலரை நாள். மாதவிலக்கு வலியில் மாதம் ஒரு நாள் சுருண்டு படுத்தால் அந்த நாலரையும் முடிந்தது. காய்ச்சல் வரக் கூடாது. வீட்டில் சாவு விழக் கூடாது. அக்காவுக்குப் பிரசவம் ஆகக் கூடாது. முதல் பீரியடுக்கு வராதவர்களுக்கு அரை நாள் ஆப்சென்ட் போடுகிற கல்லூரியாக இருந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை. 50 விழுக்காட்டில் நின்று முடிந்துபோகும்.

மற்ற நாலு பீரியடிலும் அவள் இருந்தாள், பாடம் கேட்டாள், எழுதினாள். அதற்கு மதிப்பில்லை.

விதிகள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். 70 என்று வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், 75 என்று வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளில் பரவலாக உள்ள ஏற்பாடு இது: 75-க்கு மேல் தொல்லையில்லை. 65 முதல் 74 வரை கண்டோனேஷன் கட்டணம் கட்டித் தேர்வு எழுதலாம். 50 முதல் 64 வரை என்றால் அந்த செமஸ்டர் தேர்வு கிடையாது, அடுத்த செமஸ்டருக்குப் போகலாம். 50-க்குக் கீழே போனால் அந்த செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டும். இது போதாதென்று பல இடங்களில் அகமதிப்பெண்ணிலும் வருகைக்கு என்று தனி மதிப்பெண் இருக்கிறது. ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை.

கண்டோனேஷன் என்ற சொல்லுக்கு மன்னிப்பு என்று பொருள். காசு கட்டினால் கிடைக்கிற மன்னிப்பு. வகுப்பில் இருந்தால்தான் படிப்பு வரும் என்பது உண்மையானால், காசு கட்டியதும் அந்தப் படிப்பு எப்படி வந்துவிடுகிறது? உண்மையில் அது வராத நாளுக்குப் போட்ட விலை. அந்த விலையைச் சட்டென்று எடுத்துக் கொடுக்கும் வீடுகள் இருக்கின்றன, கொடுக்க முடியாத வீடுகளும் இருக்கின்றன. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். செமஸ்டர் தேர்வும், அதற்கான கட்டணமும், லேக் வந்தவர்கள் பட்டியலும் அந்தப் பருவத்தை ஒட்டித்தான் வருகின்றன. படகு கரையில் நிற்கும்போது கல்லூரி ஃபைன் கேட்கிறது.

காசோடு மருத்துவச் சான்றிதழும் கேட்பார்கள். டைபாய்டுக்குச் சான்றிதழ் உண்டு. கால் முறிந்தால் உண்டு. அம்மாவின் வேலையை மகள் செய்ததற்கு எந்த டாக்டர் சான்றிதழ் கொடுப்பார்? மாதவிலக்கு வலிக்கு வெளிநோயாளிகள் வரிசையில் அரை நாள் நின்று சீட்டு வாங்கி வா என்றால் அந்த அரை நாளும் ஆப்சென்ட்தான்.

சான்றிதழ் இல்லாதவளிடம் சொல்லப்படும் அடுத்த வசனம் எல்லோருக்கும் தெரியும்: "அப்பாவை அழைத்துக்கொண்டு வா." நான் படித்த கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். என்னிடமும் இதே வசனம் சொல்லப்பட்டது. அப்பா கடலுக்குப் போயிருக்கிறார் சார், அம்மா வரட்டுமா என்று கேட்டேன். அம்மா எதற்கு, அவருக்கு என்ன புரியும் என்றார். விடியற்காலை ஏலத்தில் நாலு ஆண்களோடு விலை பேசி, கடனும் வட்டியும் விரல்நுனியில் வைத்துக் குடும்பத்தை நடத்துகிற அம்மாவுக்கு 75 என்ற எண் புரியாதாம்.

அப்பா வந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பையனுக்கு லேக் வந்தால் "கட் அடிச்சுட்டுச் சினிமாவுக்குப் போயிருப்பான்" என்பார்கள், நாலு திட்டோடு முடியும். பெண்ணுக்கு லேக் வந்தால் முதல் கேள்வியே வேறு: "காலேஜுக்கும் போகலைன்னா எங்கே போனாள்?" வீட்டு வேலைக்காக அவளைப் பிடித்துவைத்த அதே வீடு, கல்லூரியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கும். வருகைப் பதிவேடு அந்த நிமிடத்தில் படிப்பைப் பற்றிய பதிவேடாக இருப்பதில்லை. அவளுடைய ஒழுக்கத்தைப் பற்றிய பதிவேடு ஆகிவிடுகிறது.

அதனால்தான் அரியர் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கிறது என்கிறேன். பையனுக்கு அரியர் என்றால் காலம். அடுத்த நவம்பரில் எழுதுவான், அதற்கடுத்த ஏப்ரலில் எழுதுவான், அரியரை வைத்து நண்பர்களோடு கேலி பேசுவான், நம் சினிமாக்களில் அவன்தான் கதாநாயகன். பெண்ணுக்கு அரியர் என்றால் ஜாதகம். "படிப்புதான் நின்னுபோச்சே, இனி எதுக்கு வச்சிருக்கணும்?" என்ற பேச்சு வீட்டில் தொடங்க ஒரு செமஸ்டர் இடைவெளி போதும். அவளுக்கு மறு செமஸ்டர் என்பது விதிப் புத்தகத்தில் இருக்கிறது, வீட்டில் இல்லை.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "பெண்கள்தான் பையன்களைவிட அதிகமாகப் பாஸ் ஆகிறார்கள். எங்கே பாகுபாடு?" உயர்கல்வி பற்றிய அகில இந்தியக் கணக்கெடுப்பையும் காட்டுவார்கள். 2021-22-இல் இந்தியக் கல்லூரிகளில் சேர்ந்திருந்த 4.33 கோடிப் பேரில் 2.07 கோடிப் பேர் பெண்கள். மொத்தச் சேர்க்கை விகிதம் பெண்களுக்கு 28.5, ஆண்களுக்கு 28.3. மகிழ்ச்சி. இந்த இடத்துக்கு வர நம் பாட்டிகளும் அம்மாக்களும் பட்ட பாடு சாதாரணமல்ல. ஆனால் தேர்ச்சி விழுக்காடு எப்படிக் கணக்கிடப்படுகிறது? தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் பாஸ் என்று. ஹால் டிக்கெட் கிடைக்காதவள் எழுதியவர்களில் இல்லை. ஃபெயில் ஆனவர்களிலும் இல்லை. லேக் பட்டியலில் பெயர் வந்த பெண்ணை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே இருப்பவர்களை எண்ணி, பெண்கள் பிரமாதம் என்று கை தட்டுகிறோம். சேர்ந்தவர்களின் எண்ணிக்கை இருக்கிறது, பாஸானவர்களின் எண்ணிக்கை இருக்கிறது. நடுவில் விழுந்தவர்களை ஆண், பெண் என்று பிரித்து எந்தக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறது?

பெண்களுக்குக் காலையில் வீட்டில் வேலை இருக்கிறது என்பது அரசுக்குத் தெரியாத ரகசியமா? 2023 ஏப்ரலில் புதுச்சேரி அரசு ஒரு சலுகை அறிவித்தது. அரசு வேலை பார்க்கும் பெண்கள் மாதத்தில் மூன்று வெள்ளிக்கிழமைகளில், வீட்டில் பூஜை செய்வதற்காக, காலையில் இரண்டு மணி நேரம் தாமதமாக அலுவலகம் வரலாம். விளக்கேற்றுவது பெண்ணின் கடமை என்று அரசாணை போட்டு உறுதிசெய்ததில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த இரண்டு மணி நேரத்தை ஆணுக்கும் கொடுத்து, நீயும் விளக்கேற்று, நீயும் பாத்திரம் கழுவு என்று சொல்லியிருக்கலாம். ஆனாலும் அந்த அறிவிப்பு ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டது: பெண்ணின் காலை அவள் கையில் இல்லை. சம்பளம் வாங்கும் பெண்ணுக்குச் சாமியின் பெயரால் இரண்டு மணி நேரம் கிடைக்கும்போது, படிக்கிற பெண்ணுக்குச் சோற்றின் பெயரால் ஒரு மணி நேரம் கிடைக்கக் கூடாதா?

கர்ப்பத்துக்கு வருவோம். பெண்ணின் திருமண வயது சட்டப்படி 18. இளங்கலை படிக்கும் வயதும் 18 முதல் 21. படிக்கும்போதே கல்யாணம் செய்துவைப்பது தவறு என்று நாம் பேசிக்கொண்டே இருப்போம், பேசத்தான் வேண்டும். ஆனால் கல்யாணம் ஆகிவிட்ட பெண்ணைப் படிப்பிலிருந்தும் துரத்துவது எந்தச் சீர்திருத்தம்? வேலை செய்யும் பெண்ணுக்கு மகப்பேறு விடுப்பு 2017 முதல் 26 வாரம். மாணவி ஊழியர் அல்ல, அந்தச் சட்டம் அவளுக்கு இல்லை. 2018-இல் கர்ப்பத்தால் வருகை குறைந்த ஒரு சட்டக் கல்லூரி மாணவி டெல்லி உயர் நீதிமன்றம் போனார். தேர்வெழுத அனுமதி கிடைக்கவில்லை. விதி விதிதான் என்றாகிவிட்டது. 2021 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு கடிதம் எழுதியது: இளங்கலை, முதுகலை மாணவிகளுக்கும் மகப்பேறு விடுப்பு, வருகையில் தளர்வு ஆகியவற்றுக்கு விதிகள் வகுத்துக்கொள்ளுங்கள் என்று. கடிதம்தான், கட்டளை இல்லை. அதற்குப் பிறகும் 2023-இல் எம்.எட். படித்த இன்னொரு மாணவி அதே டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் மகப்பேறு நாட்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு ரிட் மனு போட எத்தனை பேரால் முடியும்?

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. 2023 ஜனவரியில் கேரள அரசு ஆணை பிறப்பித்தது: மாதவிலக்கு விடுப்பையும் சேர்த்து மாணவிகளுக்கு 73 விழுக்காடு வருகை போதும், 18 வயது நிறைந்தவர்களுக்கு 60 நாள் வரை மகப்பேறு விடுப்பு உண்டு. இரண்டு விழுக்காடு பெரிதல்ல என்று நினைக்கலாம். மேலே போட்ட கணக்கில் அது ஒன்பது மணி நேரம். நாலரை நாள் மிச்சம் இருப்பவளுக்கு ஆறு நாளுக்கு மேல் கிடைக்கும். நம் மாஹே கடல் பக்கம் தவிர மற்ற எல்லாப் புறமும் கேரளத்தால் சூழப்பட்ட ஊர். அங்குள்ள அரசுக் கல்லூரி புதுவைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. தலச்சேரி மாணவிக்குக் கேரளம் கொடுத்த ஆணை அங்கே செல்லாது. எல்லையைத் தாண்டினால் உடம்பு மாறிவிடுகிறதா?

அமெரிக்காவில் 1972-இல் டைட்டில் நைன் என்ற சட்டம் வந்தது. 1975 முதல் அதன் விதிகள் சொல்வது எளிமையானது: கர்ப்பம், பிரசவம் காரணமாக மருத்துவர் தேவை என்று சொல்லும் காலம்வரை மாணவிக்கு விடுப்பு கொடு, திரும்பி வரும்போது எந்த நிலையில் விட்டாளோ அதே நிலையில் சேர்த்துக்கொள். அங்கேயும் மேஜரில் நீடிக்க மதிப்பெண் வரம்பு உண்டு. குறைந்தால் பல கல்லூரிகளில் முதலில் எச்சரிக்கை, ஒரு செமஸ்டர் அவகாசம், ஆலோசகரோடு உட்கார்ந்து பேச்சு, அதற்குப் பிறகுதான் வெளியேற்றம். அமெரிக்கா சொர்க்கம் என்று சொல்லவில்லை. வெளியே அனுப்புவதற்கு முன் ஒருத்தியிடம் "ஏன்?" என்று கேட்கலாம் என்பதைச் சொல்கிறேன்.

இங்கே புதிதாக வந்திருக்கிற நான்கு வருடப் பட்டம் அந்தக் கேள்வியையும் தேவையில்லாமல் ஆக்கிவிட்டது. ஒரு வருடத்தில் போனால் சான்றிதழ், இரண்டு வருடத்தில் போனால் டிப்ளமா, மூன்றில் போனால் பட்டம். மூன்று வருடத்துக்குள் திரும்பி வரலாம், ஏழு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். நான்காம் வருடம் ஆராய்ச்சியோடு கூடிய ஆனர்ஸ் வேண்டும் என்றால் முதல் ஆறு செமஸ்டரிலும் சேர்த்து 75 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். மறுபடியும் அதே 75! விருப்பம்போல வெளியேறலாம் என்பதைச் சுதந்திரம் என்கிறார்கள். யாருடைய விருப்பம்? "ஒரு வருஷம் படிச்சாச்சு, சர்டிபிகேட்டும் கொடுத்துட்டாங்க, போதும்" என்று சொல்ல ஒரு மாமா காத்திருக்கும் வீட்டில், வெளியேறும் கதவைக் கல்லூரியே அகலமாகத் திறந்து வைத்திருக்கிறது. முன்பு பாதியில் நின்றவள் இடைநின்றவள் என்று கணக்கிலாவது வந்தாள். இனி அவள் சான்றிதழ் பெற்றவள்.

வகுப்புக்கு வராமலே பட்டம் கொடு என்றா கேட்கிறாய் என்பார்கள். இல்லை. வகுப்பறை எங்கள் பெண்களுக்கு மிகவும் வேண்டிய இடம். அடுப்பும் குழாயடியும் இல்லாத, தன் பெயர் சொல்லி அழைக்கப்படுகிற இடம் பலருக்கு அது ஒன்றுதான். அங்கே வர முடியாமல் போனவளை இனி வரவே கூடாது என்று தண்டிப்பதைத்தான் எதிர்க்கிறேன். நீதிமன்றங்களே மெல்ல இந்த இடத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. 2016-இல் வருகைக் குறைவால் தேர்வெழுத முடியாமல் போன ஒரு சட்ட மாணவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அது தொடர்பான வழக்கில் 2025 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், வருகைக் குறைவைக் காட்டி எந்தச் சட்ட மாணவரையும் தேர்விலிருந்து தடுக்கக் கூடாது என்றது. சட்டம் படிப்பவர்களுக்கு உள்ள நியாயம் பி.ஏ. தமிழ் படிப்பவளுக்கும் உண்டு.

கேட்பது இவ்வளவுதான். கண்டோனேஷன் கட்டணத்தை எடுத்துவிடுங்கள். பாதி செமஸ்டரிலேயே வருகை குறைந்தவளை, அவளை மட்டும், அழைத்து என்ன காரணம் என்று கேளுங்கள், கேட்டதை எழுதிவையுங்கள். அப்பாவைத்தான் அழைத்து வர வேண்டும் என்பதை நிறுத்துங்கள். முதல் பீரியடுக்கு அரை நாள் வெட்டுவதை நிறுத்துங்கள். தவறிய மணி நேரத்தை மாலையிலோ விடுமுறையிலோ ஈடுகட்ட வழி வையுங்கள். மாதவிலக்குக்கும் மகப்பேறுக்கும் கருணையாக அல்லாமல் விதியாகவே நாட்களை எழுதுங்கள். செமஸ்டரை மறுபடி படிக்க வருபவளிடம் மறுபடி கட்டணம் வாங்காதீர்கள்.

இதெல்லாம் நடக்கும்வரை நாம் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அரசுக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பொருந்தும். கட்டணம் பத்து ரூபாய். கடந்த ஐந்து வருடத்தில் வருகைக் குறைவால் தேர்வெழுத முடியாமல் போனவர்கள் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை, அவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்து பட்டத்தை முடித்தார்கள் என்று உங்கள் ஊர்க் கல்லூரிக்கு எழுதிக் கேளுங்கள். அப்படி ஒரு பதிவே எங்களிடம் இல்லை என்று பதில் வந்தால் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். 75 என்ற எண்ணுக்கு ஆண், பெண் தெரியாது என்று அடுத்த முறை யாராவது சொல்லும்போது எடுத்துக் காட்ட வேண்டியது அதுதான்.